வாய்க்கால் போடும் உரம்

சாரத்திலிருந்து கடல் தெரியாது. காமராஜர் சாலையின் வாகன இரைச்சல் கேட்கும், அவ்வைத் திடலில் கூட்டம் நடந்தால் ஒலிபெருக்கி கேட்கும், அலை கேட்காது. ஆனாலும் கடற்பாசியைப் பற்றிய இந்த அத்தியாயத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பாசி வளர்வது கடலோர உப்பங்கழியில் என்றாலும் அதற்குச் சாப்பாடு போவது இந்த மாதிரித் தெருக்களிலிருந்து.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நம் நாட்டில் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் புரதம் சாப்பிடுகிறார். புரதத்தின் எடையில் 16 விழுக்காடு நைட்ரஜன். வளர்ந்த ஆளின் உடம்பு நைட்ரஜனைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. மதியச் சாம்பாரில் உள்ளே போன பருப்பின் நைட்ரஜன், பெரும்பாலும் யூரியாவாக மாறி, சிறுநீரில் வெளியே வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒன்பதரை கிராம். ஆண்டுக்கு மூன்றரைக் கிலோ. உரக்கடையில் மூட்டையாக விற்கும் யூரியாவும் வேதியியலில் இதே யூரியாதான். அந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஏழரைக் கிலோ யூரியாவைக் கழிப்பறையில் கொட்டுகிறோம்.

இந்த நைட்ரஜனைக் கொண்டு எவ்வளவு கடற்பாசி வளர்க்கலாம்? உப்பங்கழிகளில் பெருகும் பச்சைப் பாசிகளில் முதலிடம் உல்வா இனத்துக்கு. அதைக் காயவைத்து எடை போட்டால் அதில் நைட்ரஜன் மூன்று விழுக்காடு அளவில் இருக்கும். பச்சையாக அள்ளிய பாசியில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் உலர்ந்த சரக்கு, மற்றதெல்லாம் தண்ணீர். பெருக்கிப் பார்த்தால், ஒரே ஆளின் ஓராண்டு நைட்ரஜன் முக்கால் டன்னிலிருந்து ஒரு டன்னுக்கு மேல் வரை பச்சைப் பாசிக்குப் போதும். முழுவதும் கழி வரை போய்ச் சேர்வதில்லை. கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் மண்ணில் தங்கும், கொஞ்சம் சுத்திகரிப்பு நிலையத்தில் நிற்கும். பாதி போனாலும் ஒரு தெருவுக்கு எத்தனை லாரிப் பாசி என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

போகும் வழி கண்ணுக்குத் தெரிவதுதான். காமராஜர் சாலைக்கும் மறைமலையடிகள் சாலைக்கும் நடுவே ஓடுகிறதே, உப்பனாறு, அது தெற்கே இறங்கித் தேங்காய்த்திட்டுப் பக்கம் உப்பங்கழியில் கலக்கிறது. மூடிய குழாயில் போகிற கழிவுநீர் லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை நிலையங்களுக்குப் போகிறது. குழாயில் சேராதது திறந்த வாய்க்கால் வழியாக உப்பனாற்றில் விழுகிறது. சலவைத்தூள் நுரை, பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிவுநீர்த் தொட்டியின் கசிவு எல்லாம் அதில் அடக்கம்.

உப்பங்கழிக்கு ஆண்டு முழுவதும் ஒரே முகம் கிடையாது. நம் கிழக்குக் கடற்கரையில் அதன் நாட்காட்டி பருவமழையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. செஞ்சி மலைப் பக்கம் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையைத் தாண்டி வந்து, புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று இரண்டாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வெள்ளம் வரும்போது கழியில் பாசிக்கு வேலை இல்லை. தண்ணீர் செங்காவியாகக் கலங்கியிருக்கும், வெளிச்சம் ஒரு முழம்கூட இறங்காது, உப்பு குறைந்துவிடும், இருப்பதையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். ஆனால் அந்த வெள்ளம் மேட்டு நிலத்து வயல்களின் உரத்தையும் ஊர்க் குப்பையின் சாற்றையும் கொண்டுவந்து அடிவண்டலில் வைத்துவிட்டுப் போகிறது.

மார்கழி கடைசியில் மழை விடும். தை பிறந்தால் வண்டல் படிந்து தண்ணீர் தெளியும். வெயில் தரை வரை இறங்கும். கடல் நீர் ஏறி உப்பு பழைய நிலைக்குத் திரும்பும். ஆற்றில் வரத்து குறைந்துவிடும். ஆனால் ஊர் வாய்க்காலுக்குப் பருவம் கிடையாது, அது தினமும் வந்துகொண்டே இருக்கும். ஆழமில்லாத தெளிந்த நீர், வெயில், ஓட்டமின்மை, ஓயாத உரம் நான்கும் ஒன்றுகூடுவது இந்தத் தை, மாசி மாதங்களில்தான். வைத்திக்குப்பத்தில் மாசிமகத் தீர்த்தவாரிக்குச் சாமிகள் வந்து இறங்கும் காலமும், நம் கழிகளில் பாசி பொதுவாகச் செழித்து நிற்கும் காலமும் ஏறக்குறைய ஒன்று. பங்குனி, சித்திரையில் கதை மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உல்வாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இதற்குக் கழிக்குக்கூடப் போக வேண்டாம். காந்தி சிலைக்கு எதிரே அலைத்தடுப்புக்காகக் கொட்டியிருக்கும் கருங்கற்களில், நீர் ஏறி இறங்கும் மட்டத்தில், வழுக்கும் பச்சை ஒன்று படிந்திருக்கும். (இறங்கிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம், கால் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு.) அதில் தூரிகை முடிபோலக் கொத்தாக நிற்பது கீட்டோமார்பா. தட்டையாகவோ மெல்லிய குழலாகவோ இருப்பது உல்வா. குழல் வடிவத்தில் இருப்பதை எண்டெரோமார்பா என்று தனிப் பேரினமாக 1820 முதல் பிரித்து வைத்திருந்தார்கள். லின்னேயஸ் 1753-இல் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தார். 2003-இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், பிரித்தது தவறு என்று மறுபடி சேர்த்துவிட்டார்கள். ஒரே இனம் உப்பு குறைந்தால் குழலாகவும் வேறு சூழலில் வேறு வடிவாகவும் வளரக்கூடும் என்பது இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம்.

உல்வாவின் இலை போன்ற உடலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டே வரிசை செல்கள் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தண்டு கிடையாது, வேர் கிடையாது, நீரைக் கடத்தும் குழாய் கிடையாது. ஒவ்வொரு செல்லும் ஒரு பக்கத்தில் கடல் நீரை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மரம் தன் உணவில் பெரும்பகுதியைத் தண்டுக்கும் வேருக்கும் செலவழிக்கிறது. உல்வாவுக்கு அந்தச் செலவே இல்லை. எல்லாச் செல்லும் சம்பாதிக்கும், எல்லாச் செல்லும் பெருகும். உரமும் வெயிலும் வாகாக அமைந்தால் நாலைந்து நாளில் எடை இரட்டிப்பாகிவிடும்.

நைட்ரஜனில் அதற்கு ஒரு ருசி உண்டு. நைட்ரேட்டாகக் கிடைத்தால், அதைச் செல்லுக்குள் அம்மோனியமாக மாற்ற ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அம்மோனியமாகவே கிடைத்தால் அந்தச் செலவு மிச்சம். புதிய கழிவுநீரில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம்தான். அது மட்டுமா, தேவைக்கு மேல் உறிஞ்சி உடம்பில் பதுக்கிவைத்துக்கொள்ளவும் உல்வாவுக்குத் தெரியும். இரண்டு நாள் வாய்க்கால் வரத்து நின்றாலும் அது வளர்ச்சியை நிறுத்துவதில்லை. இருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். அதனால் கழி நீரை ஒரு நாள் அள்ளிப் பரிசோதித்து "நைட்ரஜன் குறைவாகத்தான் இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால் ஏமாந்துபோவோம். பாசி உச்சத்தில் இருக்கும் நாட்களில் தண்ணீர் சுத்தமாகத் தெரிவதற்குக் காரணமே, இருந்ததையெல்லாம் பாசி எடுத்துக்கொண்டதுதான்.

பெருகும் முறை இன்னும் விசித்திரம். பூக்கும் செடிக்குப் பூ தனி, இலை தனி. உல்வாவின் இலைவிளிம்பிலுள்ள சாதாரணச் செல் எதுவும் இனப்பெருக்கச் செல்லாக மாறலாம். மாறும்போது விளிம்பு மஞ்சள் கலந்த பச்சையாகும். விடியும் நேரத்தில் செல்லுக்குள் இருந்து நுண்ணிய நீந்தும் அணுக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறும். இரண்டு கசையிழை கொண்டவை வெளிச்சத்தை நோக்கி மேலே நீந்தும். அவை ஆண், பெண் அணுக்கள், மேல்மட்டத்தில் சந்தித்துச் சேர்வதற்கு அது வசதி. நான்கு கசையிழை கொண்ட வித்துகள் வெளிச்சத்தை விட்டு விலகிக் கீழே போகும். அவற்றுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள ஒரு கல், ஒரு சிப்பி, ஒரு குச்சி, ஒரு பிளாஸ்டிக் புட்டி. காலியான விளிம்பு வெளுத்து, கிழிந்த பச்சைப் பாலித்தீன் தாள்போல நீரில் ஆடும்.

இவ்வளவு திறமைசாலிக்கு ஒரு பலவீனமும் உண்டு. பாக்டீரியா இல்லாத தூய நீரில் ஆய்வகத்தில் வளர்த்தால் உல்வாவுக்குத் தன் உருவமே வருவதில்லை. செல்கள் ஒழுங்கில்லாத கட்டியாகத் திரண்டு நிற்கின்றன. அதன் மேல் வாழும் சில கடல் பாக்டீரியாக்கள் சுரக்கும் பொருள்கள் கிடைத்தால்தான் அது இலையாக விரிகிறது. அவற்றில் ஒன்றான தாலூசின் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் அடையாளம் கண்டார்கள். துரதிர்ஷ்டவசமாக, இதை வைத்துக் கழியில் பாசியைக் கட்டுப்படுத்த வழியில்லை. கழி நீரில் பாக்டீரியாவுக்கா பஞ்சம்?

சரி, பாசி வளர்ந்தால் என்ன கெட்டுவிட்டது? ராமநாதபுரம் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பல தலைமுறைப் பெண்கள் பிழைத்திருக்கிறார்கள். அதே மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஓரிடத்தில் பாசியை வளர்க்கப் பணம், இன்னோரிடத்தில் அள்ளி எறியப் பணம். இது முரண்பாடு போலத் தெரியும். மன்னார் வளைகுடாவில் பாறையைப் பிடித்து வளரும் பாசிக்கும், தேங்கிய கழியில் வேரற்று மிதந்து பாய்போல மூடும் பாசிக்கும் வேறுபாடு இனத்தில் மட்டும் இல்லை, அளவிலும் ஓட்டத்திலும் இருக்கிறது. ஓடும் நீரில் உள்ள பாசி மீனுக்கு மறைவிடம். தேங்கிய நீரில் மெத்தையாகப் படர்ந்தது தனக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றுக்கும் வெளிச்சத்தை மறைக்கிறது. முதலில் போவது கடற்புல். மெதுவாக வளர்ந்து, வேர் விட்டு, வண்டலைப் பிடித்துவைத்து, இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டிலாக இருந்த புல் அது.

பழவேற்காட்டுக் கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால். வலையும் படகும் இல்லாதவர்களுக்கு மிஞ்சியிருக்கும் தொழில் இது. பாசி மெத்தை விரிந்த இடத்தில் கை சேற்றைத் தொடாது. வீச்சு வலையும் விரியாது. இழுத்தால் மீனுக்குப் பதில் பாசி வரும், அதை உதறி எடுப்பதற்குள் அன்றைய நீரோட்டம் திரும்பிவிடும்.

மெத்தைக்குள் இன்னொரு நாடகம் இரவு பகலாக நடக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் தண்ணீரில் ஆக்ஸிஜன் நிரம்பி வழிந்து குமிழியாகப் போகும். இரவில் அதே பாசி மூச்சு விட்டுக்கொண்டு ஆக்ஸிஜனைத் தின்னும். விடியற்காலையில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மரக்காணம் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களிடம் இதை விளக்கத் தேவையில்லை. குளத்தில் சக்கரம் சுழன்று நீரைச் சிதறடிக்கும் காற்றூட்டிகளை அவர்கள் இரவில் நிறுத்த மாட்டார்கள். மின்சாரம் போனால் டீசல் இன்ஜினைத் தட்டியெழுப்புவார்கள். விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் இறாலுக்குக் கண்டம். கழிக்குக் காற்றூட்டி கிடையாது. நகரத் தெரிந்த மீன் போய்விடும். நகர முடியாத மட்டியும் புழுவும் சாகும்.

இறால் பண்ணையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். குளத்தில் போடும் தீவனத்தின் நைட்ரஜனில் சுமார் கால் பங்குதான் இறாலின் உடம்பில் ஏறுகிறது. மற்றது கழிவும் கரைசலுமாக வாய்க்காலுக்கு வருகிறது. ஆகவே பழியை நகரத்தின் மேல் மட்டும் போட முடியாது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியைச் சுற்றி நகரம் இல்லை. வயலும் உப்பளமும் இறால் குளமும்தான் இருக்கின்றன.

இப்போது பங்குனிக்கு வருவோம். வெயில் ஏறுகிறது, ஆறு நின்றுவிட்டது. முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருந்தது ஆற்றின் தள்ளுவிசை. அது போனதும் கடல் மணலைக் கொண்டுவந்து போடுகிறது. நம் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். மழைக்காலத்து மாதங்களில் எதிர்த்திசையில் தள்ளும். இடையில் கிடைக்கும் பலவீனமான வாயையெல்லாம் அது மேடாக்கிவிடும். "வாய் அடைச்சிக்கிச்சி" என்று மீனவர்கள் சொன்னால் அன்று முதல் கழி ஒரு மூடிய பாத்திரம். நீர் ஆவியாகி, கடலில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கும் உப்பு கழியில் அதைத் தாண்டிப் போகும். பழவேற்காட்டின் வடபகுதியில் கோடையில் அது கடலை மிஞ்சி நிற்பது வழக்கமான செய்தி. சூட்டிலும் உப்பிலும் பாசி சாகத் தொடங்குகிறது. டன் கணக்கில் வளர்ந்தது டன் கணக்கில் அழுகுகிறது.

அழுகலின் வேதியியல்தான் ஆபத்தானது. பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் முதலில் ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலைக்கு வருகின்றன. அவை கடல் நீரில் தாராளமாக உள்ள சல்ஃபேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது அதைத்தான். உல்வாவின் செல்சுவரிலேயே கந்தகம் சேர்ந்த சர்க்கரைப் பொருள் நிறைய இருப்பதால் இதற்குத் தீனி இரட்டிப்பு. ஆக்ஸிஜன் அற்ற வண்டலில் இன்னொன்றும் நடக்கிறது. இரும்போடு பிணைந்து அசையாமல் கிடந்த பாஸ்பரஸ் பிணைப்பு விட்டு நீருக்கு வருகிறது. அழுகும் பாசி அடுத்த ஆண்டுப் பாசிக்கு உரம் போட்டுவிட்டுச் சாகிறது. இதனால்தான் கழிவுநீரை இன்றே அடைத்தாலும் பாசி மறு வருடமே நிற்பதில்லை. வண்டல் தன் இருப்பைப் பல ஆண்டுகள் வட்டி போலக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த வாயு வெறும் நாற்றம் இல்லை என்பதை உலகம் பிரெத்தாஞ் மாநிலத்தில் கற்றுக்கொண்டது. பிரான்சின் வடமேற்கு மூலை அது. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த மண்ணோடு பழைய தொடர்பு உண்டு: பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கென 1666-இல் அமைத்துக்கொண்ட லோரியாஞ் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது, புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் கிளம்பியதும் அங்கிருந்துதான். பிரெத்தாஞ் கரையின் ஆழமில்லாத வளைகுடாக்களில் 1970-கள் முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் உல்வா கரையொதுங்கத் தொடங்கியது. பன்றிப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும் நெருக்கிப் பெருகிய பிறகு, அவற்றின் சாணமும் வயல் உரமும் ஆற்று நீரின் நைட்ரேட்டைப் பல மடங்கு ஏற்றிவிட்டிருந்தன. குவிந்த பாசியின் மேல்தோல் வெயிலில் காய்ந்து வெள்ளைப் பொருக்காகும். உள்ளே வாயு சேரும். மிதித்தால் பொருக்கு உடையும். 2009 ஜூலையில் சேன் மிஷேல் ஆன் கிரேவ் கடற்கரையில் அப்படி ஒரு குவியலில் கால் வைத்த குதிரை அங்கேயே செத்தது. அதன்மேல் வந்தவர் மயங்கி விழுந்து பிழைத்தார். 2011 கோடையில் ஒரு கழிமுகத்தில் 30-க்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் செத்துக்கிடந்தன. 2016-இல் அதே பகுதியில் ஓட்டப்பயிற்சிக்குப் போன ஒருவர் இறந்தார். அந்தச் சாவில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று நாந்த் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடின் கொடுமை, அடர்த்தி கூடினால் அது முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் கணம்தான் ஓட வேண்டிய கணம்.

வெனிஸ் கழியில் 1980-களில் நடந்தது இன்னும் பெரியது. ஓரிடத்தில் சதுர மீட்டருக்கு 20 கிலோ வரை உல்வா. கோடையில் மொத்தமும் அழுகி, அதன் பின்னால் கொசு போன்ற பூச்சிகள் மேகமாகக் கிளம்பி விமான நிலையத்துக்கும் ரயிலுக்கும் இடையூறு செய்தன. ஆயிரக்கணக்கான டன் பாசியை இயந்திரத்தால் அள்ளினார்கள். இத்தாலி சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தது. ஃபவீனி என்ற காகித ஆலை அந்தப் பாசியைக் கூழில் கலந்து 1990-களில் காகிதமே செய்து விற்றது. அதற்குப் பின் உல்வா குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்பதில் பங்கு பலருக்கு. அள்ளியது ஒரு காரணம், உரம் குறைந்தது ஒரு காரணம். மட்டி பிடிப்பவர்கள் தரையைக் கிளறிக் கிளறித் தண்ணீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைத்ததும் ஒரு காரணம். கடைசிக் காரணத்தை யாரும் வெற்றி என்று கொண்டாட மாட்டார்கள்.

நம் நாட்டில் கழி ஒன்றை மீட்ட கதைக்கு ஒடிசாவின் சிலிகாவுக்குப் போக வேண்டும். அங்கே தொல்லை வேறு திசையில் வந்தது. வண்டல் சேர்ந்து கடல்வாய் நீண்டு, குறுகி, உப்பு குறைந்து நன்னீர்க் களைகள் ஏரியை மூடின. உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இருந்த ஏரி, 1993-இல் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போனது. 2000 செப்டம்பரில் மணல் திட்டை வெட்டிப் புதிய வாய் திறந்தார்கள். கடலுக்கு வழி சுமார் 18 கிலோமீட்டர் சுருங்கியது. உப்பு ஏறியது, களை பின்வாங்கியது, கடற்புல் திரும்பியது. ஆண்டுக்கு 1,700 டன் அளவுக்குத் தேய்ந்திருந்த மீன்பிடிப்பு இரண்டே ஆண்டில் 11,000 டன்னைத் தாண்டியது. 2002-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகாவை எடுத்தார்கள். களையைப் பிடுங்கிப் பிடுங்கித் தோற்றவர்கள், தண்ணீரின் ஓட்டத்தைச் சரிசெய்து வென்றார்கள்.

ஆனால் வாயை வெட்டுவதும் சும்மா கிடைப்பதில்லை. புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக 1980-களின் பிற்பகுதியில் கல் தடுப்புகள் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கில் தேங்கியது. நகரின் கடற்கரை காணாமல் போனது. பிறகு கருங்கல் கொட்டினார்கள். அதன்பின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் எஃகுத் திட்டு அமைத்து 2018, 2019 வாக்கில் கொஞ்சம் மணலை மீட்டது. பழவேற்காட்டில் மீனவர்கள் மண்வெட்டியோடு போய் வாயைத் தோண்டிய காலம் போய், நிரந்தர முகத்துவாரத்துக்குக் கல் தடுப்பு வேலை வந்திருக்கிறது. வடக்குப் பக்கக் கரை என்ன ஆகிறது என்று புதுச்சேரிக்காரர்கள் எச்சரிக்கலாம். அந்தத் தகுதி நமக்கு இருக்கிறது.

எனவே மறுபடி உரத்துக்கே வர வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு சட்ட நுணுக்கம், ஆனால் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமானது. கழிவுநீர் சுத்தமாகிவிட்டதா என்பதை நாம் பி.ஓ.டி. என்ற அளவால் பார்க்கிறோம். நீரில் உள்ள அழுகும் பொருளைத் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்பதன் அளவு அது. நல்ல நிலையம் அதை நன்றாகவே குறைக்கும். வெளியே வருவது தெளிந்த, நாற்றமற்ற நீர். ஆனால் அழுகும் பொருள் போனாலும் அதிலிருந்த நைட்ரஜன் போய்விடாது. அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ கரைந்து நிற்கும். அதைக் காற்றில் கலக்கும் வாயுவாக மாற்ற ஆக்ஸிஜன் இல்லாத தனிக் கட்டம் ஒன்று வேண்டும், அதை ஒழுங்காக நடத்த வேண்டும். அது நடக்காவிட்டால் தெளிந்த நீர் என்பது வெளிச்சம் ஊடுருவும் உரக்கரைசல். கலங்கல் சாக்கடையைவிட அது பாசிக்கு வசதி.

2015-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில் நைட்ரஜனுக்கு வரம்பு இருந்தது. 2017 அக்டோபரில் இறுதி விதி வந்தபோது அது காணவில்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் தளர்வை ஏற்காமல், மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற கண்டிப்பான அளவைப் பின்பற்றச் சொன்னது. சுத்திகரிக்காத கழிவுநீரில் இது சாதாரணமாக 30 முதல் 50 வரை இருக்கும். கடலோர ஊர்களுக்கு இந்த ஓர் எண், பி.ஓ.டி.யைவிடப் பெரிய எண் என்பது என் தீர்மானமான கருத்து.

பாஸ்பரஸை மட்டும் பிடித்தால் போதாதா? ஏரிகளுக்கு அது பெரும்பாலும் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜூன் முதல் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு வரம்பு வைத்தது சரியான வேலை. கழியில் கதை வேறு. கடற்பாசிகளின் உடம்பில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு நைட்ரஜன் அணு சுமார் 30 என்று 1983-இல் அட்கின்சனும் ஸ்மித்தும் பல இனங்களை அளந்து காட்டினார்கள். மிதவை நுண்பாசிக்கு அந்தக் கணக்கு 16. கழிவுநீரில் அந்த விகிதம் இன்னும் குறைவு. பாஸ்பரஸ் தாராளம், நைட்ரஜன்தான் பற்றாக்குறை. கடற்பாசியின் கழுத்தைப் பிடிக்க வேண்டுமானால் நைட்ரஜனில்தான் பிடிக்க வேண்டும். பிரெத்தாஞ் ஆய்வாளர்களும் ஆற்று நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு இறக்காமல் பாசி கணிசமாகக் குறையாது என்றே சொல்லிவந்தார்கள்.

2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடற்கரையில் தண்ணீர் சிவந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது; தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் பெருக்கம், சில நாளில் கலைந்தது. கழியில் பச்சை மூடினால் யாரும் வருவதில்லை. புகார் பலமானால் நாலு டிராக்டர் அள்ளுகிறது, அதுவும் பெரும்பாலும் பாசி அழுகி நாறத் தொடங்கிய பிறகு. அப்போது அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி தண்ணீருக்குத் திரும்பியிருக்கும். மிச்சமிருப்பது ஈரமும் சேறும் விஷவாயுவும். அள்ளுவதாக இருந்தால் மாசியிலேயே, பச்சையாக இருக்கும்போது அள்ள வேண்டும். ஒரு டன் பச்சைப் பாசியோடு மூன்று நான்கு கிலோ நைட்ரஜன் கழியை விட்டு வெளியேறும். உப்பை அலசி மட்கவைத்தால் தென்னைக்குப் போடலாம். சாக்கடை கலந்த கழிப் பாசியில் கன உலோகங்கள் ஏறியிருக்கக்கூடும் என்பதால் பரிசோதிக்காமல் கீரைப் பாத்திக்குப் போடக் கூடாது, சாப்பிடவும் கூடாது.

உங்கள் பகுதியின் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து வெளியேறும் நீரில் சென்ற ஆண்டு மாதவாரியாக மொத்த நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். பி.ஓ.டி.யை மட்டும் எழுதி அனுப்பினால் மேல்முறையீடு செய்யுங்கள். அளக்கவே இல்லை என்று பதில் வந்தால், அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.